வாட்ச்சில் 118, முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கு என்ன ஆச்சு?

வாய்ப்பூட்டு எழுதியது:

ரெண்டு வாரமா இதை எழுதி எழுதி அழிச்சிட்டிருக்கேன். இன்னைக்கு அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வயசு 36. கல்யாணமாகி ஏழு வருஷம். எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு ஒழுங்கா நடந்ததே இல்ல, ஏன்னா சண்டைக்கு ரெண்டு பேர் வேணும். அவ ஆரம்பிப்பா, நான் உட்கார்ந்திருப்பேன். "கொஞ்சம் பேசணும்"னு அவ சொன்ன உடனே எனக்குள்ள ஷட்டர் இறங்கிடும். வேணும்னே பேசாம இருக்கறது இல்லைங்க, வார்த்தை நிஜமாவே வராது. அவ கேக்கறது காதுல விழுது, ஆனா பக்கத்து வீட்டு டிவி மாதிரி விழுது. நான் பாட்டுக்கு அலமாரிக் கைப்பிடியில கழண்டு நிக்குற ஒரு ஸ்க்ரூவைப் பார்த்துட்டிருப்பேன். இத்தனை வருஷத்துல அந்த ஸ்க்ரூவை ஒரு தடவை முறுக்கினதும் இல்ல.

"நீ கல்லு. கல்லுகிட்ட கத்தினாக்கூட எதிரொலியாவது வரும்"னு ஒரு தடவை சொன்னா. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. அவ பேசிட்டிருக்கா, நான் வழக்கம்போல ஸ்க்ரூ. திடீர்னு கையில வாட்ச் அதிர்ந்துச்சு. நீங்க அசையாம இருக்கும்போது துடிப்பு அதிகமா இருக்குன்னு ஒரு எச்சரிக்கை வருமே, அது. நான் ஏதோ மெசேஜ் பார்க்கறேன்னு நினைச்சு அவ கோவமா என் மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பினா. 118. என் முகத்தைப் பார்த்தா. மறுபடி வாட்ச்சைப் பார்த்தா. "நீ உள்ள இருக்கியா?"ன்னு கேட்டா. அவ்வளவு மெதுவா அவ கேட்டு நான் கேட்டதில்ல.

அப்பவும் என்னால பதில் சொல்ல முடியல. தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்னொண்ணும் இருக்கு. இந்த மாதிரி நாள்ல ராத்திரி அவ பக்கத்துல வந்து முதுகுல கை வைப்பா. சமாதானத்துக்குத்தான். அவ கைதான்னு எனக்குத் தெரியும், ஆனா உடம்பு கட்டையாயிடும். தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிடும். அவ கையை எடுத்துடுவா. அந்தக் கையை எடுக்கறப்போ வர்ற வலி இருக்கே, அதைச் சொல்லவும் வாய் வராது.

சின்ன வயசுல எங்க வீட்டுல குரல் உசந்தா அடுத்து அடிதான். அழுதா "எதுக்கு அழறே"ன்னு ஒண்ணு விழும், முறைச்சா "என்ன முறைப்பு"ன்னு இன்னொண்ணு. தெரியாம சிரிச்சிட்டா அன்னைக்குக் கதை முடிஞ்சுது. மூஞ்சியில எதுவுமே காட்டாம நிக்க எட்டு வயசுக்குள்ள கத்துக்கிட்டேன். அதுல நான் கெட்டிக்காரன்னு ஒரு பெருமைகூட இருந்துச்சு.

என் பொண்டாட்டி என்னை அடிக்கப் போறதில்ல. அவ குரல் உசந்தாலும் அழுகையிலதான் போய் முடியும். இது எனக்குத் தெரிஞ்சும் ஏன் இப்படி? அன்பு இல்லாததால வர்றதா? வியாதியா? மாறுமா?

டக்கர்_டைம்ஸ்:

ப்ரோ இது பக்கா டார்சல் வேகல் ஷட்டவுன். ரீல்ஸ்ல நிறைய இருக்கு, தேடிப் பாருங்க. உங்க வேகஸ் நரம்பு வீக்கா இருக்கு. காலையில ஐஸ் தண்ணியில மூஞ்சிய முக்குங்க, அப்புறம் அஞ்சு நிமிஷம் "ம்ம்ம்"னு ஹம் பண்ணுங்க. 21 நாள்ல ரிசல்ட்.

நைட்_டியூட்டி_அக்கா:

தம்பி, இதய ஐசியூவில 31 வருஷம் நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவ நான். கவுன்சிலர் இல்ல. துடிப்பு பத்தி எனக்குத் தெரியும், மனசு பத்தி வாழ்ந்து தெரிஞ்சதுதான். அந்த அளவுக்கு எடுத்துக்கோ.

முதல்ல ஒண்ணு கேக்கறேன். சும்மா டிவி பார்க்கறப்போ, காலையில கண்ணு முழிச்சதும் உன் துடிப்பு எவ்வளவு? அப்பவும் நூறுக்கு மேலன்னா இந்தப் பக்கத்தை மூடிட்டுப் போய் டாக்டரைப் பாரு. தைராய்டு, ரத்தசோகை, இன்னும் என்னென்னவோ இருக்கலாம். எல்லாத்தையும் பொண்டாட்டி பேச்சு மேல போடாதே.

மத்த நேரம் எழுபதுலதான் இருக்குன்னா, மேல படி.

மாற்று இதயம் வெச்சவங்களைப் பார்த்திருக்கேன். புது இதயத்தை வைக்கறப்போ நரம்பு இணைப்பு எல்லாம் அறுந்து போயிருக்கும். அவங்க படுத்துக்கிட்டு மேலே கூரையைப் பார்த்துட்டிருந்தாக்கூட மானிட்டர்ல 90, 100, 110ன்னு ஓடும். பயமும் இல்ல, காய்ச்சலும் இல்ல. இதயத்தோட சொந்த வேகமே கிட்டத்தட்ட அதுதான். நம்மளுக்கு 70ல இருக்குன்னா, மூளையிலேர்ந்து இதயத்துக்கு இறங்கி வர்ற வேகஸ் நரம்பு ராத்திரி பகலா பிரேக்குல காலை வெச்சு அழுத்திட்டிருக்குன்னு அர்த்தம். இறக்கத்துல போற வண்டி மாதிரி நினைச்சுக்கோ. வேகம் எடுக்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம், பிரேக்குலேர்ந்து காலை எடுத்தாலே போதும்.

உன் 118ல நடக்கறது அதுதான். "பேசணும்"னு அவ சொன்ன அடுத்த ஒண்ணு ரெண்டு துடிப்புலயே பிரேக் போயாச்சு. வேகஸ் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும். நூறு வரைக்கும் அது. மேல இருக்கற பதினெட்டு, ஆக்ஸிலரேட்டர் வேலை பார்க்கற சிம்பதெடிக் நரம்பும் அட்ரினலினும். அது ஏற சில நொடி ஆகும், ஆனா இறங்க நேரமெடுக்கும். அதுதான் உன் பிரச்சினை. பேச்சு முடிஞ்சாலும் உடம்புக்கு முடியாது.

அமெரிக்காவுல ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன்னு ரெண்டு பேர் 1980கள்லேர்ந்து புருஷன் பொண்டாட்டியை எதிரெதிர உட்கார வெச்சு, அவங்களுக்குள்ள தகராறா இருக்கற விஷயத்தையே பேசச் சொல்லி, உடம்புல ஒயர் மாட்டி அளந்தாங்க. வேர்வை, துடிப்பு எல்லாம். பேசாம சுவர் மாதிரி உட்கார்ந்துடற ஆளுங்கள்ல சுமார் 85 சதவீதம் ஆம்பளைங்கன்னு காட்மன் எழுதியிருக்கார். துடிப்பு நூறைத் தாண்டினா எதிராளி சொல்றது சரியா ஏறாது, நகைச்சுவை போயிடும், சொன்னதையே சொல்லத் தோணும், இல்ல ஒண்ணும் சொல்லத் தோணாதுன்னு அவர் கணக்கு. பக்கத்து வீட்டு டிவின்னு சொன்னே பார், அதைப் படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

அதனால அந்த நேரத்துல "பதில் சொல்லு"ன்னு உன்னையே நீ மிரட்டிக்காதே. எழுந்திரு. ஆனா சொல்லிட்டு எழுந்திரு. "எனக்கு இப்போ தலைக்குள்ள எதுவும் ஓடல, அரை மணி கழிச்சு வரேன்." இந்த ஒரு வாக்கியத்தை இப்பவே மனப்பாடம் பண்ணி வை, அந்த நேரத்துல புதுசா யோசிச்சுச் சொல்ல வராது. குறைஞ்சது இருபது நிமிஷம்னு காட்மன் சொல்வார், நான் அரை மணின்னு சொல்றேன். அந்த அரை மணியில "அவ எப்படி அப்படிக் கேக்கலாம்"னு ஓட்டிப் பார்த்துட்டிருந்தா பிரயோஜனமில்ல. அட்ரினலின் ரத்தத்துல சில நிமிஷம்தான் தாங்கும், ஆனா நீ நினைக்க நினைக்க உடம்பு புதுசா ஊத்திக்கிட்டே இருக்கும். துணி மடி. அந்த ஸ்க்ரூவை முறுக்கு.

மூச்சு விஷயம் ஒண்ணு, சீக்கிரம் சொல்லி முடிக்கறேன். மணிக்கட்டுல நாடியில ரெண்டு விரல் வெச்சு மெதுவா மூச்சை இழுத்து விட்டுப் பாரு. இழுக்கறப்போ கொஞ்சம் வேகமாவும் விடறப்போ கொஞ்சம் மெதுவாவும் அடிக்கும். மூச்சை விடறப்போதான் பிரேக் அழுத்துது. அதனால விடறதை நீளமாக்கு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு.

ஐஸ் தண்ணி சொன்ன தம்பிக்கு: முகத்துல குளிர் பட்டா துடிப்பு குறையறது உண்மைதான். ஆனா பொண்டாட்டி அழுதுட்டிருக்கறப்போ இவர் எழுந்து போய் பக்கெட்டுக்குள்ள தலையை விட்டா நல்லாவா இருக்கும்? இதயக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம அதைச் செய்யவும் கூடாது.

அடி வாங்கின கதையை மூணு வரியில சொல்லிட்டே. அது மூணு வரி விஷயமில்லன்னு உனக்கே தெரியும். அதுக்கு ஒரு நல்ல மனநல ஆலோசகர்கிட்ட போ. இங்க எங்ககிட்ட வேண்டாம்.

வாய்ப்பூட்டு:

அக்கா, காலையில 64லேர்ந்து 68. டிவி பார்க்கறப்போ 70, 72. மாடிப்படி ஏறினா 110. அவ "பேசணும்"னு சொன்னா மாடிப்படியை விட அதிகம். இதை எழுதறப்போ 91.

அடிக்குறிப்பு:

முதல் பதிலில் வந்த "டார்சல் வேகல் ஷட்டவுன்" பற்றி ஒரு திருத்தம். உளவியல் முதுகலை மாணவன் நான், திருத்தும் வியாதி உண்டு, மன்னிக்கவும்.

ஸ்டீபன் போர்ஜஸ் என்ற ஆய்வாளர் 1994இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டிலிருந்து வரும் சொல் அது. வேகஸ் நரம்புக்கு மூளைத்தண்டில் இரண்டு புறப்பாடுகள் உண்டு. அவற்றில் பழையதான பின்புறக் கிளை, தப்பிக்க வழியே இல்லாத ஆபத்தில் உடம்பை முடக்கிப் போடுகிறது என்பது அவர் வாதம். புதியதான முன்புறக் கிளை முகம், குரல், பிறரோடு பழகுதல் ஆகியவற்றோடு கட்டப்பட்டது என்பார். சுற்றுப்புறம் பாதுகாப்பானதா என்று நாம் அறியாமலேயே நரம்பு மண்டலம் எடை போடுவதற்கு 2004இல் நியூரோசெப்ஷன் என்று பெயரும் வைத்தார். சிகிச்சையாளர்களிடம் இது பெரும் செல்வாக்குப் பெற்றது. உடலியலாளர்கள் அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. பால் கிராஸ்மனும் எட்வின் டெய்லரும் 2007இலேயே இதன் பரிணாமக் கதையையும் அளவீடுகளையும் கேள்விக்குள்ளாக்கினார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தக் கோட்பாட்டை அப்படியே ஏற்றாலும் இங்கே பொருந்தாது என்பதுதான் வேடிக்கை. வேகஸ் மூலம் முடங்கினால் துடிப்பு குறைய வேண்டும். கேள்வி கேட்டவருக்கு 118. எனவே ரீல்ஸ் சொல்வது தவறு, அக்கா சொன்னதே சரி: இவர் அணைந்து போகவில்லை, உள்ளே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். முகம் மட்டும்தான் அணைந்திருக்கிறது.

இதற்கு மிக நெருக்கமான ஓர் ஆய்வு 1977இல் வந்தது. மேரி எயின்ஸ்வொர்த் வடிவமைத்த சோதனை ஒன்று உண்டு. சுமார் ஒரு வயதுக் குழந்தையை அறிமுகமில்லாத அறையில் விட்டு, தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். சில குழந்தைகள் அழுது ஓடிவரும். சில குழந்தைகள் தாயைக் கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சமர்த்துக் குழந்தை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் இருவரும் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கும் துடிப்பு எகிறியிருந்தது. தாய் திரும்பி வந்த பிறகும் வெகு நேரம் இறங்கவில்லை. விளையாடும் குழந்தையின் இதயம் அப்படி அடிக்காது. பொம்மை வெறும் சாக்கு.

அந்த ஸ்க்ரூதான் உங்கள் பொம்மை என்று சொன்னால் கோபப்பட மாட்டீர்களே? அதே சமயம், கைக்குழந்தை ஆய்வைத் தூக்கி 36 வயதுக்காரர் தலையில் முத்திரையாகக் குத்தவும் கூடாது. இடையில் எவ்வளவோ நடந்திருக்கும்.

"தெரிஞ்சும் ஏன்" என்று கேட்டிருந்தீர்கள். வேகஸ் நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகின்றன. கீழே வரும் உத்தரவு குறைவு, மேலே போகும் புகார் அதிகம். "இவள் அடிக்க மாட்டாள்" என்ற அறிவு உங்களிடம் வந்து சேர்வதற்குள் வயிறும் நெஞ்சும் தங்கள் அறிக்கையைத் தாக்கல் செய்துவிடுகின்றன.

கதவுக்கு_இந்தப்பக்கம்:

எல்லாரும் அவரோட நரம்பையே தடவிக் கொடுத்துட்டிருக்கீங்க. நான் அந்த அம்மா பக்கத்துலேர்ந்து பேசறேன்.

எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். பதினோரு வருஷமா நான் அவர் முகத்தைப் பார்த்ததை விட பின்மண்டையைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. அவருக்கு வலது காதுக்குப் பின்னாடி ஒரு சுழி இருக்கு. அவர் அம்மாவுக்குக்கூட அது தெரியாது, எனக்குத் தெரியும். பேச ஆரம்பிச்சா அந்தச் சுழிதான் எனக்குக் கிடைக்கும். "கொஞ்சம் தனியா விடு"ன்னு போவார். போனவர் மூணு நாள் கழிச்சு, "சார்ஜர் எங்க?"ன்னு கேட்டுட்டு வருவார். அதுதான் சமாதானப் பேச்சு.

அந்த மூணு நாள் எனக்கு எப்படி இருக்கும்னு யாராவது ஒயர் மாட்டிப் பார்த்தாங்களா? ராத்திரி ரெண்டு மணிக்கு என் நெஞ்சு அடிக்கறது எனக்கே தலையணையில கேக்கும். பதில் வராத முகத்துக்கு முன்னாடி நிக்கறதும் ஆபத்துதான், தம்பி. என் உடம்பு அதை அப்படித்தான் எடுத்துக்குது.

எட்வர்ட் ட்ரோனிக்னு ஒருத்தர் 1970கள்ல செஞ்சதைப் படிச்சிட்டு நான் அன்னைக்கு முழுக்க அழுதேன். சில மாசக் கைக்குழந்தை. அம்மா முதல்ல கொஞ்சுவா. அப்புறம் சொல்லி வெச்ச மாதிரி முகத்தைச் சும்மா வெச்சுக்கிட்டு, சிரிக்காம, பேசாம, குழந்தையையே பார்ப்பா. ரெண்டு மூணு நிமிஷம்தான். குழந்தை முதல்ல சிரிச்சுப் பார்க்கும். கையை நீட்டும். கத்தும். எதுவும் நடக்கலன்னா தலையைத் திருப்பிக்கிட்டு தொங்கிப் போயிடும். நான் சிரிச்சும் பார்த்திருக்கேன், கத்தியும் பார்த்திருக்கேன். இப்போ தொங்கிப் போற கட்டத்துல இருக்கேன்.

உன்னைத் திட்டணும்னு எழுதல. உன் வீட்டுக்காரம்மா "நீ உள்ள இருக்கியா"ன்னு கேட்டாங்க இல்ல, அதைப் படிச்சதும் எனக்குத் தொண்டை அடைச்சுது. என்கிட்ட அந்த மாதிரி ஒரு நம்பர் இல்லாமப் போச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. "என் நரம்பு அப்படி"ங்கறது கதவை மூடறதுக்குக் கிடைச்ச இன்னொரு தாழ்ப்பாளா ஆயிடக் கூடாது. அரை மணின்னு சொன்னா அரை மணியில வா. வந்து நீயா ஆரம்பி. அவங்க ஆரம்பிக்கற வரைக்கும் காத்திருக்காதே. மறுபடியும் "பேசணும்"னு சொல்ற ஆளா அவங்களையே ஆக்காதே.

டக்கர்_டைம்ஸ்:

அக்கா சாரி. நான் சும்மா போட்டேன். இதைப் படிச்சப்புறம் எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு.

நைட்_டியூட்டி_அக்கா:

கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கற தங்கச்சி சொன்னது ஒவ்வொண்ணும் சரி. நான் அதைச் சொல்லாம விட்டது தப்பு. திரும்பி வர்ற நேரத்தைச் சொல்லாம எழுந்து போறது ஓய்வு இல்ல, ஓட்டம்.

தம்பி, ராத்திரி முதுகுல கை வைக்கற விஷயத்துக்கு நான் பதில் சொல்லல. கூச்சத்துல விட்டேன்னு நினைச்சுக்காதே, 31 வருஷத்துல கூச்சமெல்லாம் போயாச்சு.

தோல்ல முடி வளர்ற இடங்கள்ல, முதுகு, முன்கை மாதிரி, தடவறதை உணர்றதுக்குன்னே மெதுவான நரம்பு இழைகள் இருக்கு. சி டாக்டைல்னு பேர். செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவுலதான் போகும், நடைவேகம்தான். நொடிக்கு ஒண்ணுலேர்ந்து பத்து சென்டிமீட்டர் வேகத்துல தடவினா அது நல்லா முழிச்சுக்கும், அதை விட வேகமாவோ மெதுவாவோ போனா அவ்வளவு இல்லன்னு 2009ல ஸ்வீடன்காரங்க அளந்து எழுதினாங்க. தோல் அளவு வெதுவெதுப்பு, சுமார் 32 டிகிரி, அதுக்குப் பிடிக்கும். குழந்தையைத் தடவச் சொன்னா அம்மா யாரும் ஸ்கேல் வெச்சுப் பார்க்கறதில்ல, ஆனா கை அந்த வேகத்துலதான் போகும்.

ஆனா அது வேலை செய்யறதுக்கு உடம்பு கொஞ்சமாவது இறங்கியிருக்கணும். அலாரம் அடிச்சிட்டிருக்கறப்போ பின்னாடியிலேர்ந்து, இருட்டுல, சொல்லாம வர்ற கை, கையா இருக்காது. உனக்கு அது எட்டு வயசுல பின்னாடியிலேர்ந்து வந்த கை. அவங்களுக்கு இது தெரியாது. நீ சொல்லாம எப்படித் தெரியும்?

உடலுறவுக்கும் இதேதான். கிளர்ச்சி ஆரம்பிக்கறது வேகஸ் மாதிரியே உடம்பை அமைதிப்படுத்தற பாராசிம்பதெடிக் நரம்புல, முதுகுத்தண்டோட அடிப்பாகத்துலேர்ந்து வர்ற கிளை. அலாரம் அடிக்கற நேரத்துல உடம்பு அந்தப் பக்கம் ரத்தத்தை அனுப்பாது. அதை ஆசையில்லைன்னு அவங்க எடுத்துக்குவாங்க, ஆண்மையில்லைன்னு நீ எடுத்துக்குவே. ரெண்டுமே இல்ல. சண்டை போட்ட ராத்திரியே எல்லாம் சரியாகணும்னு அவசரப்படாதீங்க. பக்கத்துல உட்காருங்க, கையை மட்டும் பிடிங்க, முன்னாடியிலேர்ந்து, வெளிச்சத்துல.

அடிக்குறிப்பு:

கை பிடிப்பது பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் மணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, காலில் சிறு மின்னதிர்ச்சி வரலாம் என்று மிரட்டினார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு மூளை காட்டிய பரபரப்பு குறைந்தது. அறிமுகமில்லாதவர் கையைப் பிடித்தபோதும் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. திருமண வாழ்வில் திருப்தி கூடியவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது. 16 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான் என்பதையும் சொல்ல வேண்டியது என் கடமை.

வாய்ப்பூட்டு:

மூணு வாரம் கழிச்சு வரேன். எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போக மனசு வரல.

இந்தப் பக்கத்தை அவகிட்ட போன்ல காட்டினேன். வாயால சொல்ல வரலன்னு எழுத்துல காட்டறேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் படிச்சா. "பின்னாடியிலேர்ந்து வந்த கை"ங்கற இடத்துல நிறுத்திட்டு எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தா. ஆலோசகர்கிட்ட ரெண்டு தடவை போயாச்சு, அது இங்க வேண்டாம்.

மனப்பாட வாக்கியம் முதல் தடவை வரல. ரெண்டாவது தடவை "அரை மணி"ன்னு மட்டும் வந்துச்சு. "எங்க போறே, திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்"னு கேட்டா. நியாயமான கேள்விதானே. என்ன செய்யறதுன்னு தெரியாம வாட்ச்சைக் கழட்டி அவ கையில கொடுத்துட்டு மாடிக்குப் போனேன். அடகு வைக்கற மாதிரி. இருபத்தாறு நிமிஷத்துல வந்துட்டேன், மணி பார்க்க வாட்ச் இல்லாததால ரெண்டு தடவை கீழே எட்டிப் பார்த்தது வேற கதை. வந்து, "நீ கேட்டது பணத்தைப் பத்தி இல்ல, நான் உன்கிட்ட கேக்காம முடிவு பண்ணினதைப் பத்தி"ன்னு சொன்னேன். நான் சொன்னது சரியான்னுகூடத் தெரியல. அவ அழுதா. இந்தத் தடவை நான் ஸ்க்ரூவைப் பார்க்கல. அது ரெண்டு நாள் முன்னாடியே முறுக்கியாச்சு.

நேத்து மறுபடி ஒண்ணு. வாட்ச்சைக் கொடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்தா அவ அதைக் கையில கட்டிக்கிட்டு சோபாவுல உட்கார்ந்திருக்கா. பட்டை பெருசு, முழங்கைப் பக்கமா ஏத்தி இறுக்கியிருந்தா. ஒண்ணும் பேசல. கையை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினா.

124.

அவ முகத்தைப் பார்த்தேன். சும்மா இருந்துச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கற அக்கா, உங்களைத்தான் நினைச்சேன்.

பக்கத்துல உட்கார்ந்தேன். முன்னாடியிலேர்ந்து கையைப் பிடிச்சேன், வாட்ச் இருக்கற கையை. ரெண்டு பேரும் அதையே பார்த்துட்டிருந்தோம். 121. 117. நடுவுல ஒரு தடவை 119 ஆச்சு, "ஏய்"னு அவ அதட்டினா, யாரை அதட்டினான்னு தெரியல. 108க்கு வந்தப்போ வாட்ச் தானா அணைஞ்சுது. தட்டிப் பார்த்தா சார்ஜ் இல்ல.

"சார்ஜர் எங்க?"ன்னு கேட்டேன். இங்க எழுதியிருந்ததைப் படிச்சிருக்கா இல்ல, அப்படியே சிரிச்சிட்டா.